நடப்பதற்கு ஓர் இடம்

அம்பாறைக் கரையோரத்து கிளினிக்குகளில் சீனி வருத்தக்காரருக்கு மூன்று விஷயம் சொல்லப்படுகிறது. குளிசையை நேரத்துக்குப் போடுங்கள், சோற்றைக் குறையுங்கள், தினமும் அரை மணித்தியாலம் நடவுங்கள். குளிசையை அரசாங்க ஆஸ்பத்திரி இலவசமாகத் தருகிறது. இல்லாத மாதத்தில் பாமசியில் வாங்கலாம். சோற்றைப் பற்றி வீட்டில் ஒரு சண்டையாவது நடக்கிறது. மூன்றாவதைக் கேட்டதும் கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ நாற்பத்தைந்து வயதுப் பெண்ணொருத்தி திருப்பிக் கேட்கக்கூடியது இதுதான்: "எங்க டொக்டர் நடக்கிற?" மருந்துத் துண்டில் இதற்குப் பதில் எழுத வைத்தியரால் முடியாது. பதில் சொல்ல வேண்டியது ஊர். ஊர் இதுவரை சொல்லவில்லை என்பதுதான் என்னை எழுத வைக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2005-06இல் இலங்கையில் நடந்த பெரிய நீரிழிவு ஆய்வு, இருபது வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 சதவீதத்தினருக்கு இந்த நோய் இருப்பதாகச் சொன்னது. அவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல், அந்தப் பரிசோதனை நடக்கும் வரை தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள். அந்த ஆய்வு ஒன்பது மாகாணங்களில் ஏழில்தான் நடந்தது. யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் விடுபட்டன. நம்முடைய இரத்தம் அந்தக் கணக்கில் சேரவே இல்லை. பிறகு 2018-19இல் நாடு முழுவதற்குமாக நடந்த ஆய்வில் வயதுவந்தோரில் 23 சதவீதத்தினருக்கு நீரிழிவு என்று தெரிந்தது. இன்னும் 30 சதவீதத்தினர் அதன் வாசலில் நின்றார்கள். யாருக்கு அதிகம் என்பதையும் அந்த ஆய்வு சொன்னது: பெண்களுக்கு, நகரவாசிகளுக்கு, வசதி கூடியவர்களுக்கு, முஸ்லிம்களுக்கு. மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை, நெடுஞ்சாலையை ஒட்டி நெருங்கிக் கிடக்கும் முஸ்லிம் ஊர்களின் பெண்களை நினைத்துக்கொண்டு அந்த வரிசையை மறுபடி வாசித்துப் பாருங்கள்.

உடல் பருத்தவர்களின் நோய் இது என்று சொல்லி ஒல்லியானவர்கள் தப்பிக்கவும் முடியாது. சரியான எடையில் இருப்பவர்களிலும் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதை அதே ஆய்வு கண்டது. தெற்காசிய உடலின் இயல்பு அப்படி. புனே நகரத்து வைத்தியர் யாஜ்னிக், லண்டன் வைத்தியர் யுட்கின் என்ற இருவரின் படம் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. உயரத்துக்கேற்ற எடை இருவருக்கும் ஒன்றேதான். உடற்கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. வெளியே மெலிவு தெரிந்தாலும் உள்ளே கொழுப்பு கூடித் தசை குறைந்திருக்கும் உடல் நம்முடையது. அந்தத் தசையையும் நாம் சும்மா வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதே கேள்வி.

இந்தக் கரையோரம் எப்போதும் சும்மா இருந்ததில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல், நடுவே ஒடுங்கிய நிலத்துண்டு. மூத்தவாப்பாமார் சுபஹோடு எழும்பி வட்டைக்கு நடந்தார்கள். வரம்பு கட்டினார்கள், நாற்பது ஐம்பது பேராய்க் கதிர் அறுத்தார்கள், சூடு மிதித்தார்கள், மூட்டை சுமந்தார்கள். கடற்கரையில் கரைவலை இழுத்தார்கள். மருதமுனையின் குழித்தறிகளில் காலால் மிதித்து மிதித்து நெய்தார்கள். உம்மாமார் கிணற்றில் தண்ணீர் அள்ளினார்கள், உரலில் மா இடித்தார்கள், வளவைக் கூட்டினார்கள். சோறு அப்போதும் சோறுதான். இன்றைக்கு உண்பதைவிடக் கூடுதலாகவே உண்டிருப்பார்கள். உண்டது அன்றைக்கே எரிந்து முடிந்தது.

இப்போது உழவுக்கு மெஷின், வெட்டுக்கு மெஷின். வயற்காரர் வரம்பில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்று பார்த்தால் போதும். அந்த முதுகொடியும் வேலை போனதற்காக நான் அழமாட்டேன். அது போகத்தான் வேண்டும். ஆனால் அந்த வேலை உடலுக்குச் செய்துவந்த காரியத்தின் இடத்தில் நாம் வேறொன்றை வைக்கவில்லை. இயந்திரம் மட்டும் காரணமுமல்ல. யுத்த வருடங்களில் மேற்கே தூரத்து வயல்களுக்குப் போவதே உயிர்ப்பயமாக இருந்தது. பலர் காணியை விட்டுவிட்டுக் கடைக்கு வந்தார்கள், வெளிநாட்டுக்குப் போனார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. நாட்டிலேயே அதிகமாக, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை அம்பாறை மாவட்டம் பறிகொடுத்தது. காலாற நடந்த கடற்கரை, அதன்பின் பல குடும்பங்களுக்குப் பார்க்கவே முடியாத இடமாயிற்று.

வீட்டின் கதை இன்னும் நெருக்கமானது. அக்கரைப்பற்றில் பல காலம் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே விரிவாக எழுதியிருப்பதுபோல, இந்தக் கரையோரத்தில் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். தாய் தன் வளவைப் பிரித்து மூத்தவளுக்கு ஒரு வீடு, அடுத்தவளுக்கு ஒரு வீடு என்று கட்டுகிறாள். இரண்டு மூன்று தலைமுறையில் வளவு முடிந்துவிடுகிறது. மதிலோடு மதில், வீட்டோடு வீடு. கிணற்றடி இல்லை, முருங்கை நின்ற மூலை இல்லை, பிள்ளை ஓடிய முற்றம் இல்லை. பெண்ணுக்குச் சொத்தும் பாதுகாப்பும் தந்த அருமையான வழக்கம் இது. நிலம் பெருகாத ஊரில் அதே வழக்கம் அவள் நடமாடிய வெளியைத் தின்றுவிட்டது. மதிலைத் தாண்டினால் ஒழுங்கை. அது ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் உரசிப் போகும் அகலம். ஒழுங்கையைத் தாண்டினால் கொழும்பு–மட்டக்களப்பு நெடுஞ்சாலை.

நடை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சோறு சீனியாகி இரத்தத்தில் கலந்ததும் அதில் பெரும்பங்கை உள்வாங்க வேண்டியது தசை. சீனியைத் தசைக்குள் கொண்டுபோகும் புரதங்கள் உயிரணுவின் உள்ளே ஒதுங்கிக் கிடக்கின்றன. இன்சுலின் வந்து சொன்னால் அவை மேற்பரப்புக்கு வந்து சீனியை உள்ளே எடுக்கும். வயதுவந்தோரின் நீரிழிவில் இன்சுலின் சொல்வதைத் தசை சரியாகக் கேட்பதில்லை. ஆனால் தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் சொல்லாமலே அதே புரதங்கள் மேலே வருகின்றன. இந்த நோயில் பழுதான வழியைச் சுற்றிக்கொண்டு போக உடலுக்குள்ளேயே இன்னொரு வழி இருக்கிறது. கால் அசைந்தால் அது திறக்கும். நடந்து முடிந்த பிறகும் ஒரு நாள், சில வேளை இரண்டு நாள் வரை தசை இன்சுலினுக்கு நன்றாகவே இணங்கும். அதற்குப் பிறகு பழையபடி ஆகிவிடும். அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் நடக்காமல் விடாதீர்கள் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் பந்தடிப்பதும், பெருநாள் லீவில் மலைநாட்டுக்குப் போய் ஏறி இறங்குவதும் சந்தோஷத்துக்குச் சரி, சீனிக்குப் போதாது.

நேரமும் முக்கியம். நியூசிலாந்தில் நீரிழிவு உள்ளவர்களை வைத்துச் செய்த ஆய்வொன்று 2016இல் வந்தது. தினமும் ஏதோ ஒரு நேரத்தில் முப்பது நிமிடம் நடப்பதையும், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் பத்து நிமிடம் நடப்பதையும் அது ஒப்பிட்டது. சாப்பிட்டபின் நடந்தபோது சாப்பாட்டுக்குப் பிந்திய சீனி சராசரியாக 12 சதவீதம் குறைவாக இருந்தது. இராச் சாப்பாட்டுக்குப் பிறகு வித்தியாசம் 22 சதவீதம். நம் ஊரில் இராச் சாப்பாடு இஷாவுக்குப் பிறகு, ஒன்பது, ஒன்பதரைக்கு. சோறு, அல்லது கடையிலிருந்து வந்த கொத்து ரொட்டி. உண்ட கையோடு படுக்கை. நாள் முழுவதிலும் நடை அதிகம் பயன்படக்கூடிய அந்தப் பத்து நிமிடத்தில்தான் ஊர் முழுக்கச் சாய்ந்துகிடக்கிறது.

இதெல்லாம் வெறும் நம்பிக்கையல்ல, பரீட்சித்துப் பார்க்கப்பட்டது. சீனாவின் டாச்சிங் நகரத்தில் 1986இல், நோயின் வாசலில் நின்ற 577 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஆறு வருடத்தில், எதுவும் மாற்றாமல் இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் நோயாளியானார்கள். உடற்பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுக்கப்பட்டவர்களில் அந்த ஆபத்து 46 சதவீதம் குறைந்தது. 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அதே வாசலில் நின்ற 3,234 பேரிடம், வாரம் 150 நிமிட நடையும் சிறிது எடைக் குறைப்பும் ஆபத்தை 58 சதவீதம் குறைத்தன. மெட்ஃபோமின் குளிசை குறைத்தது 31 சதவீதம்.

எனக்கு இவற்றையெல்லாம் விட முக்கியமாகப் படுவது சென்னை ஆய்வு. வைத்தியர் ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியானது. நோயின் வாசலில் நின்ற 531 பேர், நம்மைப் போலச் சோறு உண்பவர்கள், நம்மைப் போன்ற உடல்வாகு. வழக்கம்போல வாழ்ந்தவர்களில் மூன்று வருடத்துக்குள் 55 சதவீதத்தினருக்கு நோய் வந்தது. தினசரி நடையும் சாப்பாட்டு ஆலோசனையும் பெற்றவர்களில் 39 சதவீதத்தினருக்குத்தான் வந்தது. குளிசையையும் நடையையும் சேர்த்தபோது பலன் அதற்குமேல் கூடவில்லை. கவனிக்க வேண்டியது இன்னொன்று: நடந்தவர்களுடைய எடை குறையவில்லை. எடை அப்படியே இருந்தும் நோய் குறைந்தது. தராசில் முள் அசையவில்லை என்று இரண்டு மாதத்தில் நடையைக் கைவிடுகிற ஒவ்வொருவருக்கும் இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும். முள் அசையாதபோதும் உள்ளே தசை மாறிக்கொண்டுதான் இருக்கிறது.

2022ஐ நினைத்துப் பாருங்கள். ஜூன் 27 நள்ளிரவிலிருந்து அத்தியாவசிய சேவைகளுக்குத் தவிர எரிபொருள் இல்லை என்று அரசாங்கம் அறிவித்தது. அந்த மாதங்களில் நாடு முழுக்க மூலையில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் வெளியே வந்தன. புதுச் சைக்கிளின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. கந்தோருக்கும் சந்தைக்கும் பள்ளிக்கும் மக்கள் மிதித்தும் நடந்தும் போனார்கள். அது துயரமான காலம்; மருந்துத் தட்டுப்பாடும் கூடவே வந்தது. அதைப் போற்றிப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் இதேபோன்ற ஒரு துயரம் கியூபாவில் 1990களின் தொடக்கத்தில் நடந்து, அளந்து பதியவும் பட்டிருக்கிறது. சோவியத் எண்ணெய் நின்றதும் அங்கே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்கள் மக்களுக்குக் கொடுக்கப்பட்டன. சாப்பாடு குறைந்தது, நடை கூடியது, ஆட்களின் எடை சராசரியாக ஐந்து கிலோ அளவில் இறங்கியது. அடுத்த வருடங்களில் நீரிழிவால் ஏற்படும் மரணங்கள் வேகமாகக் குறைந்தன. அதே பஞ்சத்தில் போஷாக்கின்றி ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு நரம்பும் பார்வையும் பாதிக்கப்பட்டதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பொருளாதாரம் தேறியது, எடை திரும்பியது, நீரிழிவும் முன்னைவிடக் கூடுதலாகத் திரும்பியது.

நாமும் திரும்பினோம். எரிபொருள் வந்தது, சைக்கிள் மூலைக்குப் போனது. பஞ்சம் தள்ளியதால் நடந்த ஊர், பஞ்சம் போனதும் உட்கார்ந்தது. தனித்தனி மனிதரின் சோம்பல் என்று இதற்குப் பெயர் வைத்தால் ஒன்றும் விளங்காது. நடப்பதை எளிதாக்கும் எதையும் நாம் அந்த மாதங்களில் கட்டி வைக்கவில்லை. ஒரு நடைபாதை இல்லை, சைக்கிளுக்கென்று ஒரு கோடு இல்லை.

இனிப் பெண்களின் விஷயம். ஆணுக்கு நெடுஞ்சாலை ஓரமாவது இருக்கிறது, கடற்கரை இருக்கிறது, மைதானம் இருக்கிறது. ஐந்து நேரமும் அழைக்கிற பள்ளி இருக்கிறது. பள்ளிக்கு எடுத்துவைக்கும் ஒவ்வோர் எட்டுக்கும் நன்மை உண்டு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இருநூறு யார் தூரத்துக்கு மோட்டார் சைக்கிளை உதைக்கிறவர்கள் அந்த நன்மையையும் உடல்நலத்தையும் ஒரே தடவையில் விட்டுவிடுகிறார்கள். ஆணுக்கு வழி இருந்தும் போகவில்லை என்றால் கடிந்துகொள்ளலாம். பெண்ணுக்கு வழியே இல்லை. அவள் வேகமாக நடந்தால் எங்கே ஓடுகிறாள் என்று பார்ப்பார்கள். தனியே நடந்தால் பேச்சு வரும். கூட்டமாக நடந்தாலும் பேச்சு வரும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு, உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளும் அதன் தொடர்ச்சியாகச் சாய்ந்தமருதில் நடந்த வெடிப்பும் முகத்திரைத் தடையுமாக வந்த நாட்களில், அபாயாவோடு வீதியில் போவதற்கே பல பெண்கள் அஞ்சினார்கள். செய்தவர்கள் சிலர், அடைபட்டது பெண்களின் நடமாட்டம்.

வீட்டு வேலை போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நாள் முழுக்க நிற்பதும் குனிவதும் களைப்பைத் தரும். மூச்சுச் சற்று வாங்க, உடல் வியர்க்கத் தொடர்ந்து பத்து நிமிடம் அசைவது அதில் அரிது. தொழுகையைச் சொல்பவர்களும் உண்டு. ருகூவும் ஸுஜூதும் மூட்டுக்களை இளக்கமாய் வைத்திருக்கும், நெடுநேர உட்காரலை உடைக்கும். அதன் நோக்கம் வேறு, வேக நடையின் வேலையை அதன்மேல் சுமத்தக் கூடாது. இன்னொரு கூட்டத்தை நாம் மறந்தே போகிறோம்: கர்ப்பகாலத்தில் சீனி கூடிய இளம் தாய்மார். பிள்ளை பிறந்ததும் சீனி இறங்கிவிடும், எல்லோரும் மறந்துவிடுவார்கள். மற்றப் பெண்களைவிட ஏழு மடங்குக்கும் மேல் அவர்களுக்கு நீரிழிவு வரும் ஆபத்து இருக்கிறது. பிள்ளை பெற்று நாற்பது நாள் முடிந்து, வைத்தியர் சரியென்றதும் அந்தப் பெண்ணை நடக்க விடுவதே அவளுக்குச் செய்யும் பெரிய உபகாரம். நாம் அவளுக்கு அனுப்புவதோ தொதலும் வட்டிலப்பமும்.

நடக்கத் தொடங்குகிறவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற குளிசையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நெடுநேரம் நடந்தால் சீனி தாழ்ந்துபோகலாம். பையில் நாலு டொஃபியோ குளுக்கோஸோ இருக்கட்டும். மெட்ஃபோமின் மட்டும் எடுப்பவருக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. கால் விறைப்பு உள்ளவர் கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. சிப்பி குத்தியது தெரியாது, சுடுமணல் சுட்டது தெரியாது. புண் தெரியவரும்போது விரல் போயிருக்கும். மூடிய சப்பாத்து போட்டு, வந்ததும் பாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நடக்கையில் நெஞ்சு அடைத்தால் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். நோன்பு காலத்தில் அஸருக்குப் பிறகு கடும் பயிற்சி வேண்டாம். நோன்பு திறந்த பின் தராவீஹுக்கு நடந்து போய் வாருங்கள், அந்தத் தொழுகையையும் அன்றைய உடலசைவில் சேர்த்துக்கொள்ளலாம் என்றே நீரிழிவு வைத்தியர்களின் சர்வதேச வழிகாட்டலும் சொல்கிறது. சீனி 70க்குக் கீழே போனால் நோன்பை விட்டுவிட வேண்டும் என்றும் அதே வழிகாட்டல் சொல்கிறது. வீட்டுக்குள்ளேயே செய்யக்கூடியதும் உண்டு: கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பி இருப்பது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் செய்தால் தசைக்கு வலு. ஆனால் இதைச் சொல்லிவிட்டு, ஆகவே பெண்கள் வீட்டுக்குள்ளேயே செய்யட்டும் என்று யாரும் முடித்துவிடக் கூடாது.

2011இலிருந்து சுகாதார அமைச்சு நடத்தும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் நாட்டின் எல்லா மாவட்டத்திலும் உள்ளன. முப்பத்தைந்து கடந்தவர் இலவசமாக இரத்தத்தைப் பார்த்துக்கொள்ளலாம். அங்கே ஆண்கள் போவது குறைவு என்பது நாடறிந்த குறை. பெண்கள் போகிறார்கள், நடக்கச் சொல்லிக் கேட்டு, நடக்க இடமின்றித் திரும்பி வருகிறார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் நோயாளிகளுக்கு முன்பு ஊர்ப் பொறுப்பாளர்களுக்கு. கரையோரத்து ஒவ்வோர் ஊரிலும் மதில் சூழ்ந்த பாடசாலை மைதானங்கள் இருக்கின்றன. சுபஹ் தொழுகையிலிருந்து பாடசாலை தொடங்கும் வரை அவை வெறுமையாகக் கிடக்கின்றன. அதில் ஒரு மணித்தியாலத்தைப் பெண்களுக்கென்று திறந்துவிடுங்கள். அதற்குப் பெரும் பணம் வேண்டாம்; அதிபரின் சம்மதம், வாசலில் ஒரு பொறுப்பான பெண், ஊர் அறிய ஒரு அறிவித்தல் போதும். அந்த அறிவித்தலைப் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை தன் ஒலிபெருக்கியில் சொன்னால் அடுத்த நாளே பேச்சுக்கள் அடங்கும். ஜும்ஆ குத்பாவில் வருடத்துக்கு இரண்டு தடவையாவது கதீப்மார் இதைப் பேசுங்கள். மாநகர சபைகளும் பிரதேச சபைகளும் அடுத்த வீதி வேலையின்போது ஓரத்தில் நடைபாதைக்கு இடம் விடுங்கள். ஆண்கள் இன்று இஷாவுக்குப் பள்ளிக்கு நடந்து போங்கள். இராச் சாப்பாடு முடிந்ததும் வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு பத்து நிமிடம் ஒழுங்கையில் நடந்துவிட்டு வாருங்கள்.